கான்கிரீட் கொட்டுவதற்கு முன்: பூஜ் நகரம் கற்றுத் தந்தவை

சேலத்தில் வீடு கட்டப் போகிறவர்களிடம் நிலநடுக்கம் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இங்கெல்லாம் எதுக்குங்க அது? நம்முளுது பாறை பூமி." ஒரு பக்கம் கஞ்சமலை, இன்னொரு பக்கம் சேர்வராயன் மலை என்று கண்ணெதிரே நிற்கும்போது அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893. அதன் 2002, 2016 பதிப்புகளில் உள்ள ஊர்ப் பட்டியலைப் புரட்டினால் சேலம் மூன்றாம் மண்டலத்தில், அதாவது நடுத்தர ஆபத்துள்ள பகுதியில் இருக்கும். சென்னையும் கோவையும் வேலூரும் அதே மண்டலம்தான். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் மையம் கொண்டு சுமார் 6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. தென்னிந்தியா நெடுக அது உணரப்பட்டது. அதைப் பார்த்த தலைமுறை போய்விட்டது, அதைப் பற்றிய பேச்சும் கூடவே போய்விட்டது.

அந்தப் பட்டியலில் மூன்றாம் மண்டலத்தில் இருக்கும் இன்னொரு ஊர் அகமதாபாத். 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பூமி ஆடியபோது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து சுமார் 750 பேர் இறந்தார்கள். கட்ச்சின் தலைநகரமான பூஜ் நகரத்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். பூஜ் இருப்பது அந்தப் பட்டியலில் ஆபத்து மிக அதிகமான ஐந்தாம் மண்டலத்தில். அங்கே வந்த 7.7 அளவு ஆட்டம் நமக்கும் வரும் என்று யாரையும் பயமுறுத்த எனக்கு எண்ணமில்லை. ஆனால் அங்கே எது விழுந்தது, ஏன் விழுந்தது, திரும்ப எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தால் நம் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு சேலம் அம்மாபேட்டையில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். கட்ச்சில் பள்ளிக்கூடக் கட்டடங்கள் கட்ட ஆள் தேவைப்படுகிறது என்று தெரிந்தவர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. 2002 கடைசியில் கிளம்பினேன். பூஜில் இறங்கியபோது இடிபாடுகளைப் பெரும்பாலும் அள்ளிவிட்டிருந்தார்கள். அதனால் கண்ணில் முதலில் பட்டது வெறும் இடம்தான். ஒரு தெருவில் நான்கு வீடு நிற்கும், அப்புறம் பெரிய மைதானம் போல வெட்டவெளி, அதற்கப்பால் ஒரே ஒரு மாடிப்படி மட்டும். கடைகள் தகரக் கொட்டகைகளில் நடந்தன. பழைய அரண்மனையான பிராக் மஹாலின் மணிக்கூண்டு விரிசலோடு நின்றுகொண்டிருந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையே இடிந்து போனதால் காயம்பட்டவர்களை அந்த நாட்களில் திறந்தவெளியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் மொத்த உயிரிழப்பு அரசுக் கணக்கில் 13,800-க்கும் மேல். முழுதாக இடிந்த வீடுகள் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

பழைய பூஜ் மதில் சூழ்ந்த நகரம். சந்துகள் இரண்டு ஆள் ஒதுங்கிப் போகிற அகலம்தான். அந்தச் சந்துகளைத் திரும்ப அப்படியே விடக்கூடாது என்று நகரமைப்புத் திட்டம் போட்டு, மனைகளை மறுபடி அளந்து, சாலைக்கு இடம் எடுத்தார்கள். மிகச் சிறிய மனைக்காரர்களிடம் எதுவும் எடுக்காமல், மனை பெரிதாகப் பெரிதாகக் கூடுதல் விகிதத்தில் எடுத்தார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டு ஆட்கள் நகர்ந்ததும், அந்தக் கோட்டின் மேல் ஒரு குடும்பம் வந்து நின்றுகொண்டு அசையாமல் பார்த்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவர்கள் சமையலறை இருந்த இடம் சாலைக்குள் போயிருந்தது. திட்டம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அதே சமயம், அதை ஏற்றுக்கொண்டவர்கள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று, வாடகைக்குக் குடியிருந்தவர்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்பட்டார்கள். வீட்டுப் பத்திரம் வைத்திருந்தவருக்கு உதவித்தொகையில் ஓர் இடம் இருந்தது. வாடகைக்காரருக்குக் கையில் எதுவும் இல்லை.

வீடுகளைப் பெரும்பாலும் மக்களே கட்டிக்கொண்டார்கள். அரசு பணத்தைத் தவணை தவணையாக வங்கிக் கணக்கில் போட்டது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. காகிதத்தில் படித்தால் சாதாரண விதி. அது தரையில் எப்படி வேலை செய்தது என்பதை எங்கள் பள்ளிக்கூட சைட்டுக்கு அடுத்த வீட்டில் பார்த்தேன்.

அந்த வீட்டுக்காரர் வயதான விதவை. அங்கே வயதில் மூத்த பெண்களை 'பா' என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பழைய வீட்டில் மூத்த மகனை இழந்தவர். புதிய வீட்டின் காலங்களுக்கு (கான்கிரீட் தூண்களுக்கு) கம்பி கட்டி முடித்து, மறுநாள் கான்கிரீட் என்று இருந்தார்கள். பார்வைக்கு வந்த இன்ஜினியர் இளம் பையன். டேப்பை எடுத்து, காலத்தின் உச்சியில், செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் இரண்டுக்கு நடுவே வைத்தான். எட்டு அங்குலம். பீமும் (கிடையாகப் போகும் உத்தரம்) காலமும் சேரும் இடத்துக்கு அருகே நான்கு அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ரிங்கின் கொக்கியும் செங்கோணத்தில் வெளிப்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட முடியாது என்றான். கம்பி வேலை செய்தவர் சத்தம் போட்டார். பா மட்டும் கோபப்படவில்லை. எந்த இடம் விட்டுப்போகும், காட்டு என்று கேட்டார். அவன் கீழே கிடந்த ஒரு ரிங்கை எடுத்து, கொக்கியில் கட்டை விரலை வைத்து இழுத்துக் காட்டினான். வாய் பிளந்தது. மேலே இருக்கிற கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் இப்படித் திறந்துகொள்ளும், உள்ளே நிற்கிற கம்பிகள் வெளியே பிதுங்கும், அதற்கப்புறம் கூரை அப்படியே கீழே இறங்கும் என்றான். பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் வீட்டுக் கூரை அப்படித்தான் இறங்கியிருந்தது.

சாயங்காலம் பார்த்தால் பா ஒரு சீமைக்கருவேலங்குச்சியை வெட்டிக் கையில் வைத்திருக்கிறார். (கட்ச் முழுக்க நம் ஊரைப் போலவே சீமைக்கருவேலம்தான்.) அந்தக் குச்சியை நான்கு அங்குலத்துக்கு அளந்து வெட்டித் தரச் சொல்லி இன்ஜினியரிடமே வாங்கியிருக்கிறார். ஆட்கள் பிரித்துப் பிரித்துக் கட்ட, ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தக் குச்சியை நுழைத்துப் பார்த்தார். தளர்வாக உள்ளே போனால் "திரும்பக் கட்டு" என்று கையைக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். வரைபடம் பார்க்கத் தெரியாதவர். ஆனால் அந்தத் தெருவிலேயே அவர் வீட்டு ரிங் வேலைதான் சுத்தமாக இருந்தது.

சேலத்துக்குத் திரும்பி நானே வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து, வீட்டுக்காரர்களுக்கு அந்தக் குச்சியைத்தான் கொடுக்கிறேன். ரீப்பர் துண்டை நான்கு அங்குலத்துக்கு அறுத்து, மறந்துவிடாமல் கையில் கொடுத்துவிடுவேன். கான்கிரீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு காலமாகப் போய் நுழைத்துப் பாருங்கள் என்று சொல்வேன். காலத்தின் அடியிலும் உச்சியிலும் குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு இந்த நெருக்கம் வேண்டும். நடுவில் கொஞ்சம் தள்ளிப் போகலாம். ரிங் கொக்கி 135 டிகிரிக்கு, அதாவது காலத்தின் உள்பக்கம் பார்த்து மடிந்திருக்க வேண்டும். கடையில் விற்கிற ரெடிமேட் ரிங் வாங்கினாலும் கொக்கியைப் பார்த்து வாங்குங்கள். பீமும் காலமும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்துக்குள்ளேயும் ரிங் இருக்க வேண்டும். அங்கேதான் நம் ஊரில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் பீம் கம்பி நெருக்கத்தில் ரிங்கை நுழைப்பது சிரமம். சிரமம்தான், ஆனால் ஆட்டம் வந்தால் முதலில் சோதிக்கப்படுவது அந்த இடம்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மாடிக்குக் காலம் ஏற்றும்போது கம்பியைத் தளத்துக்கு மேலேயே ஒட்டுப்போடுவது. ஒட்டு காலத்தின் நடு உயரத்தில் வர வேண்டும். காலத்தின் அடியும் தலையும்தான் அதிகம் வளைகிற இடம், அங்கே ஒட்டு இருந்தால் ஆபத்து. இதற்குச் செலவே கிடையாது. கம்பியை வெட்டும்போது நீளத்தை யோசித்து வெட்டினால் போதும். நெருக்கமான ரிங்குக்கு ஆகிற கூடுதல் கம்பிச் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினால், ஹாலுக்கு எடுத்த டைல்ஸில் ஒரு ரகம் இறங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டுக்காரர்களே சொல்கிறார்கள்.

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம். ஆனால் பா வீட்டுக்கு வந்த மாதிரி டேப்போடு ஒருவர் வந்து நிற்கப் போவதில்லை. அந்த வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட்டுக்கு முன் உங்கள் இன்ஜினியரை நேரில் வரச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினால் போதும் என்று விடாதீர்கள். படத்தில் கொக்கி தெரியாது.

பூஜிலிருந்து ஊருக்கு வரும்போது அகமதாபாத்தில் தங்கி, இடிந்த அடுக்குமாடிகள் இருந்த பகுதிகளைச் சுற்றிப் பார்த்தேன். கூட வந்தவர் அங்கே கட்டட வேலையில் இருந்தவர். இடிந்தவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுவான அமைப்பு இருந்தது என்று காட்டினார். கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்தத் திறந்து கிடக்கும், சுவரே இருக்காது. மேலே நான்கைந்து தளம் சுவரோடு விறைப்பாக நிற்கும். ஆடும்போது ஆட்டம் முழுவதையும் கீழே நிற்கிற மெல்லிய காலங்கள் தாங்க வேண்டியிருக்கும். அவை ஒடிந்தால் மேலே இருப்பது அப்படியே உட்கார்ந்துவிடும். சில இடங்களில் மேல்தளத்தை வெளியே தள்ளி எடுத்து, தரை வரை வராத காலங்களை அந்தத் தள்ளலின் மேல் நிறுத்தியிருந்தார்கள்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி பக்கம் இப்போது எழும்புகிற அடுக்குமாடிகளில் கீழே கார் பார்க்கிங் இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பார்க்கிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பார்க்கிங் தளத்தில் அடியிலிருந்து மேல் வரை போகிற கான்கிரீட் சுவர்கள் இருக்கின்றனவா, எங்கே? லிஃப்ட் குழி மட்டும் ஓர் ஓரத்தில் நின்றால் போதாது, கட்டடம் முறுக்கிக்கொள்ளும். டிசைன் செய்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் பெயர், ஐஎஸ் 1893, கம்பி விவரங்களுக்கான ஐஎஸ் 13920 படி செய்திருக்கிறார் என்ற கடிதம், இரண்டையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

தனி வீட்டிலும் இதே விஷயம் உண்டு. கடைவீதியில் மூலை மனை என்றால் இரண்டு பக்கமும் ஷட்டர் போட்டுவிட்டு, பின்னால் இரண்டு பக்கம் மட்டும் சுவர் வைப்போம். ஆடினால் பின்பக்கம் நிற்கும், முன்பக்கம் சுழலும். ஷட்டருக்கு நடுவில் ஓர் இடத்திலாவது நல்ல அகலமான கான்கிரீட் சுவர் வைக்க இடம் விடுங்கள். கடைக்காரருக்கு ஒரு ஷட்டர் அகலம் குறையும். குறையட்டும்.

அதற்குப் பிறகு பல வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில் பூஜியோ மலை மேல் ஸ்மிருதிவன் நினைவிடம் திறந்தபின், திரும்பப் போனேன். இந்த முறை எங்கள் மேஸ்திரி அண்ணனும் வந்தார். ஏற்காட்டில் நாகலூர் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மலையில் கருங்கல் வேலை என்றால் அவரைத்தான் கேட்பார்கள். குளிர்காலத்தில் போனோம், அதுதான் சரியான காலம். ஒன்று மட்டும் கவனம்: கட்ச்சின் உப்புப் பாலைவனத்தில் ரண் உற்சவம் என்ற திருவிழா நடக்கும் மாதங்களில் பூஜில் அறை வாடகை ஏறிவிடும், முன்பே பேசி வையுங்கள்.

ஸ்மிருதிவனில் அருங்காட்சியகத்துக்குள் நேராக ஓடாமல் மலைச்சரிவில் நடந்து ஏறுங்கள். மழைநீரைத் தேக்கும் சிறு தடுப்பணைகள் வரிசையாக வரும், அவற்றின் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 12,932 பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிற இடத்தில் மேஸ்திரி அண்ணன் நின்றுவிட்டார். அருங்காட்சியகத்தில் நிலநடுக்கத்தை உணரவைக்கும் அரங்கு ஒன்று உண்டு. தரை ஆடும். குழந்தைகளை அழைத்துப் போனால் முன்பே சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

மாவட்ட மருத்துவமனையைக் கட்டாயம் பாருங்கள், வெளியிலிருந்தாவது. பழையது இடிந்த பிறகு, அடித்தளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஈய மையம் வைத்த ரப்பர் தாங்கிகளைப் பொருத்திப் புதிதாகக் கட்டினார்கள். நியூசிலாந்தின் தொழில்நுட்பம், 2004-இல் திறந்தார்கள், இந்தியாவில் அந்த முறையில் கட்டிய முதல் மருத்துவமனைகளில் ஒன்று. பூமி ஆடினாலும் மேலே ஆட்டம் குறைவாகத்தான் போகும். எல்லா வீட்டுக்கும் இது தேவையில்லை. ஆனால் ஊரே விழுந்தாலும் மருத்துவமனை நிற்க வேண்டும் என்று முதலில் முடிவெடுத்தார்களே, அந்த வரிசை சரியானது. பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், குடிநீர் மேல்தொட்டி, இவை நிற்குமா என்று நம் ஊரிலும் கேட்க வேண்டும்.

மேஸ்திரி அண்ணனுக்கு இவற்றையெல்லாம் விட மனதில் பதிந்தது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, கட்ச்சின் பன்னி புல்வெளிப் பகுதியில் 'புங்கா' என்று சொல்லப்படும் வீடுகள். வட்டமான மண் சுவர், கூம்பாகப் புல் கூரை, தாழ்வான உயரம். 2001-இல் சுற்றிலும் கல் வீடுகள் விழுந்தபோதும் இவற்றில் நிறைய நின்றன. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது, பிளக்கத் தொடங்க இடமில்லை. கூரையும் கனமில்லை. அண்ணன் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மலையில அந்தக் காலத்துல கட்டுன மண்ணு வீடும் இப்படித்தான் தம்பி, கூரைய லேசா வெச்சுக்குவாங்க" என்றார்.

இன்னொன்று, ஒரு கிராமத்தில் இடிந்தபடி விட்டிருந்த பழைய கல் சுவர். தடிமன் ஒன்றரை அடிக்கு மேல். பார்த்தால் யானை மோதினாலும் நிற்கும் என்று தோன்றும். வெட்டுமுகம் தெரிந்ததால் உள்ளே என்ன என்று பார்க்க முடிந்தது. வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவே பொடிக்கல்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் கோத்துப் பிடிக்க எதுவுமே இல்லை. ஆடியதும் சுவர் பூரி போல உப்பி, வெளி வரிசை வெளியேயும் உள் வரிசை வீட்டுக்குள்ளேயும் விழுந்திருக்கிறது. அண்ணன் குனிந்து கையை அந்த நடு இடைவெளிக்குள் முழங்கை வரை விட்டார். "தம்பி, இது நம்ம ஊரு செவுருதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, வண்டியில் ஏறும்வரை பேசவே இல்லை.

ஊருக்கு வந்ததும் அவர் மாற்றிய முதல் விஷயம் அதுதான். கருங்கல் சுவர் வைக்கும்போது சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் ஒரே கல்லை இடையிடையே வைக்கிறார். நீளவாட்டில் நான்கடிக்கு ஒன்று, உயரத்தில் இரண்டடிக்கு ஒன்று. அவ்வளவு நீளக் கல் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வரிசையையும் பிடிக்கும்படி வளைத்த கம்பியைக் கான்கிரீட்டில் புதைத்து வைக்கிறார். மூலைகளில் கல்லை மாற்றி மாற்றி நீளவாட்டில் கோக்கிறார். அதோடு லிண்டல். நாம் பொதுவாகக் கதவு ஜன்னலுக்கு மேலே மட்டும் லிண்டல் போட்டு, சன்ஷேடை நீட்டிவிட்டு நிறுத்திவிடுகிறோம். காலம் இல்லாமல் சுவர் மேலேயே தளம் போடுகிற வீடு என்றால் அந்த லிண்டல் வீட்டைச் சுற்றி, உள் சுவர்கள் உட்பட, அறுபடாமல் ஒரே பெல்ட்டாக ஓட வேண்டும். மூன்று அங்குல தடிமனில் இரண்டு கம்பி ஓடவிட்டாலே சிறு வீட்டுக்குப் பெரிய பலம். கம்பி அளவை இன்ஜினியர் சொல்லட்டும், மூலையில் கம்பி வளைந்து அடுத்த சுவருக்குள் போகிறதா என்பதை மட்டும் நீங்களே பாருங்கள். பேஸ்மெண்ட் மட்டத்தில் ஒரு பெல்ட், லிண்டல் மட்டத்தில் ஒன்று, ஓட்டுக் கூரை என்றால் சுவர் உச்சியிலும் ஒன்று. கட்ச்சில் ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்யவைத்த வேலைகளில் முக்கியமானது இந்தப் பெல்ட்தான்.

சேர்வராயன் மலையில் கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஏற்காட்டில் காட்சி தெரிய வேண்டும் என்று சரிவின் விளிம்பில் காலம் ஏற்றிக் கட்டுகிறார்கள். மேட்டுப் பக்கம் காலம் மூன்றடி, பள்ளத்துப் பக்கம் பதினைந்தடி. பார்ப்பவர்கள் நீளக் காலத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். உண்மையில் ஆட்டம் வந்தால் குட்டைக் காலத்துக்குத்தான் அதிக விசை போகும், அதுதான் முதலில் வெட்டுப்படும். முடிந்தவரை சரிவைப் படியாக வெட்டி, ஒரே மட்டத்தில் காலங்கள் நிற்கும்படி செய்யுங்கள். வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய பக்கத்தில் அஸ்திவாரம் நிற்கக்கூடாது, பழைய மண் வரை இறங்கியாக வேண்டும். தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் வடியத் துளைக்குழாய்கள் வையுங்கள், பின்னால் ஜல்லி நிரப்புங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். மழைக்குச் சரிகிற மண் ஆட்டத்துக்கும் சரியும்.

பூஜுக்குப் போனால் கட்ச்சிலேயே இருக்கும் அஞ்சார் நகரத்துக்கும் போக வேண்டும். நிலநடுக்கம் வந்த அன்று குடியரசு தினம். பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாகக் குறுகிய தெரு ஒன்றில் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு பக்கக் கட்டடங்களும் அவர்கள் மேல் விழுந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அங்கே இப்போது நினைவிடம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குச் சேலத்தின் குகைப் பகுதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் பழைய மாதிரி நடக்க முடியவில்லை. தறிச் சத்தம் கேட்கும் வீடுகள், வெள்ளிப் பட்டறைகள், மேலே தெருவுக்குள் நீட்டிய பால்கனி, அதற்கும் மேலே பிடிப்பில்லாத கைப்பிடிச் சுவர், அதன் மேல் பூந்தொட்டி வரிசை. ஆட்டம் வந்தால் எல்லோரும் செய்வது தெருவுக்கு ஓடுவதுதான், தெருவோ பத்தடி. இத்தனை வருடம் வாழ்ந்த தெருவை அகலப்படுத்துவது சுலபமில்லை. ஆனால் தெருவுக்குள் நீட்டுவதை நிறுத்தலாம். செங்கல் கைப்பிடிச் சுவரை உயரமாக வைக்காமல், இடையிடையே தளத்தோடு பிணைத்த சிறு காலம் வைக்கலாம். குறுகிய தெருவில் ஆட்டத்தின்போது வெளியே ஓடுவதைவிட, உறுதியான மேசைக்கடியில் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்து, நின்றபின் வெளியேறுவது நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

போகிறவர்கள் ஊர் மக்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்காதீர்கள். வீடு எப்போது கட்டினீர்கள் என்று கேளுங்கள், சொல்ல விரும்பினால் மீதியை அவர்களே சொல்வார்கள். டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இடிந்த வீட்டின் முன் நின்று செல்ஃபி எடுக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள், அது ஒருவருடைய அம்மா இறந்த இடமாக இருக்கலாம். இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், கட்டட வேலை பற்றிப் பேச்செடுத்தால் அங்கே ஆட்டோக்காரர்கூட பெல்ட்டைப் பற்றியும் ரிங்கைப் பற்றியும் பேசுகிறார். ஊரே அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள், இதெல்லாம் இனி எங்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். செய்யக்கூடியது இருக்கிறது. மொட்டை மாடியில் செங்கல் காலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ் தொட்டியை இறக்கி, தளத்தோடு பிணைத்த மேடையில் வையுங்கள். பீரோவையும் உயரமான அலமாரியையும் சுவரோடு எல் ஆங்கிள் போட்டுத் திருகிவிடுங்கள். கட்டிலுக்கு நேர் மேலே லாஃப்டில் பித்தளை அண்டாவும் ஆட்டுக்கல்லும் வைத்திருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். சிலிண்டரைச் சங்கிலியில் கட்டுங்கள். மாடி ஏற்றப் போகிறீர்கள் என்றால், கீழே இருக்கிற காலம் அதற்குத் தகுதியா என்று இன்ஜினியரை வைத்துப் பார்த்தபின் முடிவெடுங்கள். மேலே நீட்டி விட்ட கம்பி துருப்பிடித்திருந்தால் அதை நம்பி ஏற்றாதீர்கள்.

மேஸ்திரி அண்ணன் தன் மகனுக்கு மலையில் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார். சுவர் கருங்கல், கூரை ஓடு. லிண்டல் பெல்ட்டுக்குக் கம்பி கட்டும் வேலை அடுத்து வருகிறது. பக்கத்து ஊர்க் கொத்தனார்கள் சிலரை வரச் சொல்லியிருக்கிறார், மூலைக் கம்பியை எப்படி மடிப்பது என்று அவரே செய்து காட்டப் போகிறார். கான்கிரீட்டுக்கு முதல் நாள் முழுக்க எல்லாவற்றையும் திறந்துதான் வைத்திருப்பார். வீடு கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் வந்தால் தொட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.